கொல்லைப்புறத்தில் குளமும் அருவியும்: முதல்முறை கட்டுபவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு குளம், அதில் சலசலத்து விழும் ஒரு குட்டி அருவி. ஆசை இருக்கிற யாரும் சொந்தக் கையால் கட்டிவிடலாம். கொத்தனார் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிய வேண்டும், பொறுமையாக அளந்து பார்க்கத் தெரிய வேண்டும். துணைக்கு இன்னொருவர் இருந்தால் நான்கைந்து விடுமுறை நாட்களில் தண்ணீர் விடும் கட்டத்துக்கு வந்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு இரண்டு குணம். எங்கே நின்றாலும் மட்டம் காட்டும். எங்கே சந்து கிடைத்தாலும் நழுவும். முதல்முறை கட்டுகிறவர்கள் பிறகு படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருவது. கரையின் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தால், குளம் நிறைந்த பிறகு அந்தச் சரிவு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அருவிக் கல்லுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், தண்ணீர் கல்லின் மேல் வராமல் அடியிலேயே போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் மட்டத்துக்கும் சந்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். செடியை, மீனை, ஓரத்துக் கல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். குழியின் மட்டத்தைத் தண்ணீர் நிறைந்தபின் மாற்ற முடியாது.

இடம் பார்ப்பது

குளம் என்றதும் தோட்டத்திலேயே பள்ளமான மூலைக்குத்தான் கண் போகும். அங்கே தோண்டாதீர்கள். மழை பெய்தால் சுற்றுப்புறத்து மண், உரம், குப்பை எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் ஓடிவரும். தண்ணீர் கலங்கும், உரச்சத்து சேர்ந்து பாசி பிடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை அடியில் இருக்கிறது. நிலத்தடி ஈரம் ஏறும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமலிருக்கக் குளத்துக்குள் விரிக்கும் ரப்பர் ஷீட்டைக் கீழிருந்து மேலே தூக்கிவிடும். நடுக்குளத்தில் ஷீட் கொப்புளம் போல உப்பி நிற்கும். சுற்றுத் தரையைவிட ஒரு பிடி உயர்ந்த இடமே நல்லது.

பெரிய மரத்தடியும் வேண்டாம். விழும் இலைகள் அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கும் உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றுவிடும். வேர் தோண்டவும் விடாது. ஆனால் முழு நிழலும் உதவாது. அல்லி பூக்க வேண்டுமென்றால் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும். காலை வெயில் விழுந்து, உச்சி வெயிலுக்குச் சற்று நிழல் கிடைக்கும் இடம் அமைந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமிக்குள் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எங்கே போகின்றன என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகே கடப்பாரையை எடுங்கள். வீட்டுக்குள் நீங்கள் அதிக நேரம் உட்காரும் இடத்திலிருந்து அருவியின் முகம் தெரிய வேண்டும். வெளியே போனால்தான் பார்க்க முடியும் என்கிற குளம் மெல்ல மெல்லக் கவனிப்பாரற்றுப் போகும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அல்லது குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால், இங்கே நின்று யோசியுங்கள். தவழும் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டியதில்லை. சுற்றிலும் பூட்டுப் போடக்கூடிய வேலி, அல்லது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உறுதியான கம்பி வலை, இரண்டில் ஒன்று கட்டாயம். இல்லையென்றால் குழந்தை வளரும்வரை குளத்தைத் தள்ளிப்போட்டு, தண்ணீர் தேங்காத வகை அருவி மட்டும் கட்டலாம்: அடியில் மூடிய தொட்டி, அதன் மேல் கம்பி வலை, வலைமேல் கூழாங்கல். விழும் தண்ணீர் கல்லிடுக்கில் மறைந்து தொட்டிக்குப் போய்த் திரும்பி வரும். சத்தம் கிடைக்கும், ஆபத்து வெகுவாகக் குறையும்.

எவ்வளவு பெரியது?

சின்னதாக ஆரம்பிப்போம் என்று தோன்றும். குளத்தைப் பொறுத்தவரை மிகச் சிறியதுதான் பராமரிக்கக் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெயிலில் சட்டென்று சூடாகும், ஒரு மீன் செத்தாலே மொத்தமும் கெடும். நிறைய தண்ணீர் இருந்தால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். நீங்கள் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

முதல் குளத்துக்கு நான் சொல்லும் அளவு: 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 60 செ.மீ. செடிக்கும் தங்கமீனுக்கும் இது போதும். கோய் மீன் வளர்க்கும் எண்ணம் இருந்தால் ஆழம் 1 மீட்டருக்குமேல் வேண்டும், நீள அகலமும் கூட வேண்டும். அதை இரண்டாவது குளமாக வைத்துக்கொள்வதே நல்லது.

கொள்ளளவு கணக்கு எளிது. மூன்று அளவையும் மீட்டரில் பெருக்கினால் கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1000 லிட்டர். 3 × 2 × 0.6 என்றால் 3.6 கனமீட்டர். வளைவுகளும் உள்ளே விடும் படிகளும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதில் முக்கால் பங்கை எடுங்கள்: சுமார் 2700 லிட்டர். இந்த எண்ணை எழுதி வையுங்கள். மோட்டார் வாங்கும்போதும், மீன் விடும்போதும், தண்ணீருக்கு மருந்து கலக்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

குழி

தோண்டும் முன் ஒரு பழைய தோட்டக் குழாயையோ கயிற்றையோ தரையில் வளைத்துப் போட்டு உருவம் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். மாடியிலிருந்து, ஜன்னலிலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மனம் ஒத்துக்கொண்டதும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். நெளிவு சுளிவு அதிகம் வேண்டாம். ஒவ்வொரு நெளிவிலும் ஷீட் மடிப்பு விழும். அவரைக்கொட்டை போல ஒரே ஒரு உள்வளைவு இருந்தால் பார்க்கவும் அழகு, விரிக்கவும் சுலபம்.

இப்போது மட்டம். கோட்டைச் சுற்றி 60 செ.மீ.க்கு ஒரு முளைக்குச்சி அடியுங்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கொத்தனார்கள் மட்டம் எடுக்கும் அதே டியூப் லெவல்தான். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை முதல் குச்சியில் வைத்து, தண்ணீர் நிற்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மறு முனையைத் துணைக்கு இருப்பவர் அடுத்தடுத்த குச்சியில் பிடிக்கட்டும். இரண்டு முனையிலும் கட்டைவிரலை எடுத்ததும் தண்ணீர் மேலும் கீழும் ஆடும். அவசரப்படாமல் அது அடங்கும்வரை நில்லுங்கள். முதல் குச்சியில் தண்ணீர் பழைய கோட்டில் நிற்கும்போது, மறுமுனையில் அது எங்கே நிற்கிறதோ அங்கே கோடு. சுற்றி வந்து முதல் குச்சியிலேயே முடியுங்கள். கடைசிக் கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்தால் கணக்கு சரி.

எல்லாக் குச்சியிலும் கோடு விழுந்தபின் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சமதரை என்று நீங்கள் நினைத்திருந்த தோட்டம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். தாழ்ந்த பக்கத்துக்குத் தோண்டிய மண்ணைப் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இறுக்கி உயர்த்த வேண்டும். உயர்ந்த பக்கத்தை வெட்டிக் குறைப்பது அதைவிடச் சிறந்தது. போட்ட மண் பிறகு இறங்கும், வெட்டிய மண் இறங்காது.

தோண்டும்போது முதலில் மொத்தப் பரப்பையும் 25 செ.மீ. ஆழத்துக்கு எடுங்கள். பிறகு ஓரத்தில் 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு படி விட்டு, உள்பகுதியை மட்டும் முழு ஆழத்துக்கு இறக்குங்கள். அந்தப் படிதான் கரையோரச் செடித் தொட்டிகளுக்கு இருக்கை. தவறி விழுந்தவர் கால் ஊன்றி ஏறவும் அதுவே. தவளையும் அணிலும் ஏறி வர ஒரு மூலையில் மட்டும் கூழாங்கல் சரிவு விடுங்கள். சுவர்கள் செங்குத்தாக வேண்டாம். லேசாக உள்நோக்கிச் சாய்ந்தால் மண் சரியாது. அடித்தளத்தை ஒரு மூலையை நோக்கிச் சிறிது வாட்டமாக விடுங்கள். தூர்வாரும் நாளில் தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

தோண்டிய மண்ணைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அருவி மேடு அதில்தான் எழப்போகிறது.

ஷீட் விரிப்பது

சிமென்ட் தொட்டி கட்டலாமா என்று பலர் கேட்பார்கள். முதல்முறைக்கு வேண்டாம் என்பேன். மண் சற்று இறங்கினாலும் சிமென்ட் விரிசல் விடும். புதுச் சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி மீனைக் கொல்லும். ரப்பர் ஷீட் மண் அசைந்தால் தானும் வளைந்து கொடுக்கும். இ.பி.டி.எம். எனப்படும் ரப்பர் ஷீட், சுமார் 1 மி.மீ. தடிமனில், பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் கூரைக்கென்று விற்கும் ரப்பரை வாங்கிவிடாதீர்கள். மீனுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். பி.வி.சி. ஷீட் விலை குறைவு, ஆயுளும் குறைவு. சாதாரணத் தார்ப்பாய் வெயிலில் வெகு சீக்கிரம் நைந்துபோகும்.

அளவு: நீளத்தோடு இருமடங்கு ஆழத்தைக் கூட்டி, அதோடு ஓரத்துக்கு 60 செ.மீ. சேருங்கள். அகலத்துக்கும் அதே கணக்கு. நம் குளத்துக்கு 3 + 1.2 + 0.6 = 4.8 மீட்டர் நீளம், 2 + 1.2 + 0.6 = 3.8 மீட்டர் அகலம். இதில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு விரல் குறைந்துபோனால் குளத்தையே சுருக்க வேண்டியிருக்கும்.

குழியில் உள்ள கூர்கல், வேர் முனை, ஓட்டுச் சில்லு எல்லாவற்றையும் உள்ளங்கையால் தடவித் தடவிப் பொறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். 2700 லிட்டர் தண்ணீர் என்பது 2700 கிலோ எடை. அந்த எடை ஒரு சிறு ஆணி முனைமேல் உட்கார்ந்தால் ரப்பர் தாங்காது. அதனால் ஷீட்டுக்கு அடியில் மெத்தை வேண்டும்: ஜியோடெக்ஸ்டைல் துணி, அல்லது தடித்த பழைய கம்பளம்.

ஷீட்டை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், இளகும். தரையில் இழுக்காமல் இரண்டு பேர் தூக்கி வந்து குழியில் தொய்வாக விடுங்கள். ஓரங்களில் வழவழப்பான கல்லை லேசாக வைத்து, குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏற ஷீட் தானாகவே குழியின் வடிவத்துக்கு உட்காரும். நீங்கள் வெறுங்காலோடு உள்ளே இறங்கி, சின்னச் சின்னச் சுருக்கங்களைச் சேர்த்து ஒன்றிரண்டு பெரிய மடிப்பாக ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். முழுக்க நிறையும்வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெட்டிய ஷீட் வளராது.

அருவி

இதற்குத்தான் அதிக நிதானம் வேண்டும். முதல் வேலை மேடு. தோண்டிய மண்ணைக் குவியலாகக் கொட்டினால் அடுத்த மழையிலேயே உட்கார்ந்துவிடும். மேலே வைத்த கல்லும் சாயும். 15 செ.மீ. உயரத்துக்கு மண், கொஞ்சம் தண்ணீர், திமிசு. அதன்மேல் இன்னொரு 15 செ.மீ. இப்படி அடுக்கடுக்காக ஏற்றுங்கள். முடித்த பிறகு இரண்டு வாரமாவது விட்டுவைத்து, நடுவில் இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்துவிட்டால், இறங்க வேண்டிய மண் இறங்கிவிடும்.

எவ்வளவு உயரம்? குளத்தின் நீர்மட்டத்திலிருந்து 60 முதல் 80 செ.மீ. போதும். அதையும் ஒரே தாவலாக விடாமல் இரண்டு மூன்று படியாக உடைத்தால் சத்தம் இனிமையாக இருக்கும், தெறிப்பும் குறையும். இரண்டு மீட்டர் அகலக் குளத்தில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் தண்ணீர் பாதி வெளியே தெறித்துவிடும்.

மேட்டின் உச்சியில் ஒரு அண்டா அளவுக்குக் குழி எடுங்கள். இதுதான் தலைத்தொட்டி. குழாய்த் தண்ணீர் நேராகக் கல்மேல் பாய்ந்தால் பீறிட்டுக்கொண்டு ஓடும். தலைத்தொட்டியின் அடியில் வந்து சேர்ந்து, நிறைந்து, விளிம்பில் வழிந்தால்தான் அமைதியான திரையாக இறங்கும். அங்கிருந்து குளம்வரை படி வெட்டி, மெத்தைத் துணி போட்டு, அதன்மேல் தனி ஷீட் விரியுங்கள். கூரையில் ஓடு வேய்வதைப் போல மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் ஏறிப் படிய வேண்டும். குளத்து ஷீட்டைத் தாண்டி 30 செ.மீ.க்குக் குறையாமல் தண்ணீருக்குள் தொங்கட்டும். இப்படிச் செய்தால் இணைப்பை ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. ஷீட்டின் இரு பக்கமும் கால்வாய் போல உயர்ந்து நிற்க வேண்டும், ஓடும் தண்ணீரைவிட ஒரு சாண் உயரமாக.

கல் வைப்பது கீழிருந்து மேல். ஷீட்டின்மேல் ஒரு துண்டு மெத்தைத் துணி, அதன்மேல் அடிக்கல். ஓர் அடி நீள அகலமும் அரை அடித் தடிமனும் உள்ள கல் ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். சுண்ணாம்புக் கல் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். இரண்டு பக்கமும் காவல் கற்கள், நடுவில் தண்ணீர் விழும் தட்டைக்கல். இந்தத் தட்டைக்கல்தான் அருவியின் உதடு.

உதட்டுக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது முன்விளிம்பைப் பாருங்கள். மழுங்கிய விளிம்பு என்றால், சொம்பிலிருந்து மெல்லச் சாய்க்கும்போது தண்ணீர் வெளிப்பக்கத்தையே தடவிக்கொண்டு வழிகிறதே, அதுபோலக் கல்லின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு பின்னால் போய்விடும். விளிம்பு கூராக இருக்க வேண்டும். அடிக்கல்லைத் தாண்டி நான்கைந்து செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முன்பக்கம் மிக லேசான வாட்டம். இடவலமாக மட்டும் துல்லியமான சமமட்டம். ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை அடியில் சில்லுக்கல் கொடுத்துச் சரிசெய்யுங்கள். இதில் அரை விரற்கடை பிசகினாலும் தண்ணீர் முழுவதும் ஒரே மூலையில் கயிறு போல இறங்கும்.

அடுத்தது சந்து. நான் முதலில் கட்டிய அருவியில் ஒவ்வொரு நாளும் குளத்து மட்டம் நான்கு விரற்கடை இறங்கியது. ஷீட்டில்தான் ஓட்டை என்று நினைத்து, குளத்தை இறைத்து, மடிப்பு மடிப்பாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒரு மாலை மோட்டார் ஓடும்போது மேட்டின் பக்கவாட்டில் கையை ஊன்றினேன். மண் சேறாக இருந்தது. உதட்டுக் கல்லின் இடது காவல் கல், தன் எடையில் ஷீட்டின் ஓரத்தை அமுக்கிச் சாய்த்திருந்தது. அகலம் இரண்டு விரல்தான் இருக்கும். ஓடுகிற தண்ணீரில் ஒரு நூலிழை அங்கே பிரிந்து, ஓசையில்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கல் வைத்ததும் முதலில் நான் செய்வது, ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் கையை விட்டு, ஷீட்டின் ஓரம் நிமிர்ந்து நிற்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான். நிற்காத இடத்தில் பின்னால் மண்ணை அண்டைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சந்துகளை அருவிக்கென்றே வரும் கறுப்பு நுரையால் அடைக்கலாம். முதலில் தோட்டக் குழாயைத் தலைத்தொட்டியில் வைத்து ஓடவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று அடையாளம் வையுங்கள். பிறகு நிறுத்தி, கல்லை ஈரமாக மட்டும் வைத்து, உதட்டுக் கல்லின் அடியிலும் இரு பக்கத்திலும் நுரையைச் செலுத்துங்கள். அது உப்பும், ஆகவே சந்தில் பாதிக்குமேல் விடாதீர்கள். கையுறை கட்டாயம், தோலில் ஒட்டினால் எளிதில் போகாது. ஈரம் காயுமுன் மேலே பொடிக்கல் தூவிவிட்டால் நுரை இருப்பதே தெரியாது. ஓர் இரவு விட்டு மறுநாள் ஓட்டிப் பாருங்கள். அடியில் ஒளிந்து ஓடிய தண்ணீரெல்லாம் கல்லின்மேல் ஏறி வந்து, முதல்முறையாக ஒரு முழுத் திரையாக விழும். அந்த ஒரு கணத்துக்காகவே இத்தனை மெனக்கெடல்.

மோட்டாரும் மின்சாரமும்

மோட்டார் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லிட்டர் எண்ணை நம்பி வாங்கக்கூடாது. அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே வெளியேற்றும்போது கிடைக்கும் அளவு. உயரம் ஏற ஏறக் குறையும். நமக்கு வேண்டியது, நம் அருவியின் உயரத்தில் எத்தனை லிட்டர் என்பதே.

அருவி உதட்டின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 150 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. 20 செ.மீ. உதடு என்றால் மணிக்கு 3000 லிட்டர். பாதி அளவு விட்டால் மெல்லிய திரை கிடைக்கும். இந்த 3000 லிட்டர் நம் 2700 லிட்டர் குளத்தை மணிக்கு ஒருமுறை சுற்றிவிடுகிறது; மீன் வளர்க்கும் குளத்துக்கும் இது சரியான வேகம். உயரக் கணக்கில், நீர்மட்டத்திலிருந்து தலைத்தொட்டிவரை 80 செ.மீ. என்றால், நான்கு மீட்டர் குழாயின் உராய்வுக்கு இன்னும் 40 செ.மீ., வளைவுகளுக்குக் கொஞ்சம், 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டர் உயரத்தில் மணிக்கு 3000 லிட்டர் தரும் மோட்டார் எது என்று கேட்டு வாங்குங்கள். குழாயின் உள்விட்டம் 32 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒல்லிக் குழாயில் மோட்டாரின் உழைப்பு உராய்விலேயே கரைந்துபோகும். இரவும் பகலும் ஓடும் பொருள் இது. 60 வாட் மோட்டார் நாளுக்கு 1.44 யூனிட் எடுக்கும், அதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டாரை அருவிக்கு எதிர்க்கோடியில், அடித்தளத்தில் படாமல் ஒரு செங்கல்மேல் வையுங்கள். சகதியை உறிஞ்சாது, குளம் முழுவதும் தண்ணீர் சுழலும். ஷீட்டைத் துளைக்காமல், கரை மேலாகவே குழாயை எடுத்து மேட்டின் பக்கமாகத் தலைத்தொட்டிக்கு ஏற்றுங்கள். குழாயில் திரும்பா வால்வு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தலைத்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் குளத்துக்கு இறங்கிவிடும்.

மின் இணைப்பை மட்டும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த், மழை படாத மூடியுடன் கரையிலிருந்து தள்ளியிருக்கும் பிளக் பாயிண்ட், இவை இல்லாமல் தண்ணீரில் மோட்டாரை இறக்கக்கூடாது. குளத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டாரை வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள், அதற்கென்று ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

ஓரம்

ஷீட்டின் விளிம்பு கரைக் கல்லுக்குப் பின்னால் நிமிர்ந்து முடிய வேண்டும். தட்டையாக மண்ணுக்குள் போனால் மண் விளக்குத்திரி போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டை எதுவும் இல்லாமலே குளம் வற்றுவது இப்படித்தான். கரைக்கல் நீர்மேல் மூன்று விரல் நீட்டிக்கொண்டிருந்தால் ஷீட் மறையும், வெயிலும் அதில் படாது.

தண்ணீர், செடி, மீன்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீன் விடும் முன் அது போக வேண்டும். ஓரிரு நாள் அருவியை ஓடவிட்டாலே குளோரின் ஆவியாகிவிடும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது, மீன் கடைகளில் கிடைக்கும் முறிப்பு மருந்து தேவைப்படும்.

முதல் இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகும். பயந்துபோய்த் தண்ணீரை மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் வந்தால் பாசிக்குப் புது உணவு வந்தது என்று பொருள். பாசி வெயிலிலும் சத்திலும் வாழ்கிறது. இரண்டையும் செடிகள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். நடுவில் ஓர் அல்லி, படியில் கோரை வகைகள், நீருக்குள் வேலம்பாசி. அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடும்போது தண்ணீர் தானாகத் தெளியும். அல்லிக்கு அருவியின் அடி பிடிக்காது. அசையும் தண்ணீரையும் இலைமேல் தெறிக்கும் துளிகளையும் அது பொறுக்காது, தள்ளி வையுங்கள். வெங்காயத்தாமரையை உள்ளே விட வேண்டாம். மளமளவென்று பெருகிக் குளத்தை மூடும், தப்பி வெளியே போனால் ஏரிகளையும் மூடும்.

மீனுக்கு அவசரம் வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடி உறிஞ்சக்கூடிய நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும், வடிகட்டி வைத்திருந்தால் அதன் பஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அருவிக் கற்களில் வழுவழுவென்று ஒரு படலம் படிவதைப் பார்ப்பீர்கள். அதில் அவையும் இருக்கின்றன. தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். முதலில் இரண்டு மூன்று சிறு மீன் மட்டும். பையோடு குளத்தில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்துப்போன பிறகு திறந்துவிடுங்கள். சில நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி.

கொசு பற்றிய கவலை நியாயமானது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆனால் அதற்கு அசையாத தண்ணீர் வேண்டும். அருவி ஓடும் குளத்தில், கொசுப்புழுவைத் தின்னும் மீனும் தட்டானின் இளம்பூச்சியும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மோட்டாரை நிறுத்திவைத்த நாட்களில் தலைத்தொட்டியையும் கற்களின் குழிவுகளையும் மறக்காமல் பாருங்கள். மீன் போக முடியாத அந்த மூலைகளில்தான் புழு சேரும்.

தண்ணீர் குறைந்தால்

வெயில் நாளில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆவியா, கசிவா என்று அறிய ஒரு வாளித் தண்ணீரைக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. குளம் மட்டும் அதிகமாக இறங்கினால் குளத்து ஷீட்டிலோ ஓரத்திலோ கசிவு. எந்த உயரத்தில் வந்து நிற்கிறதோ அந்த உயரத்தைச் சுற்றித் தேடுங்கள். மோட்டார் நின்றபோது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் குறைந்தால் கசிவு அருவியில்தான். மேட்டைச் சுற்றிக் கையால் தடவி ஈர மண்ணைத் தேடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை உதிர்ந்த இலையை வலையால் அள்ளுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் அலசினால் குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மின்செலவை நினைத்து இரவில் மோட்டாரை நிறுத்தத் தோன்றும். மீன் இருக்கும் குளத்தில் நிறுத்தாதீர்கள். இரவில் செடிகளும் பாசியும் உயிர்வளியை உற்பத்தி செய்வதில்லை, எடுத்துக்கொள்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும்; அந்த நேரத்தில் மீன்களுக்கு மூச்சு கொடுப்பது விழுந்துகொண்டிருக்கும் அருவிதான்.